எண்ணும் ஆயுளும்

(இலக்கிய வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதையும் கதையும் பேசிப் பழகிய இந்த அவையில் ஒரு நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதுவும் அரியதொரு நோய். கண்ணுக்குள் தோன்றிக் கல்லீரலுக்குப் பரவும் மெலனோமா என்னும் கருநிறமிப் புற்று. பரவிய பின் நோயாளி எவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறார் என்பதே இன்றைய பொருள். மருத்துவ மாநாட்டுக்குரிய பொருள் என்று நீங்கள் முகம் சுளிக்கலாம். ஆயினும் ஓர் எண்ணை எப்படிச் சொல்வது, எப்படிக் கேட்டுக்கொள்வது என்பது சொல்லை ஆள்பவர்களின் சிக்கலும் ஆகும். அந்தச் சிக்கல் இந்த நோயில் கூர்மையாக எழுகிறது. ஓர் எழுத்தாளரின் கட்டுரையிலேயே அது எழுந்தது.

2015 பிப்ரவரி 19 அன்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் ஆலிவர் சாக்ஸ் ஒரு சிறு கட்டுரை எழுதினார். நரம்பியல் மருத்துவர், மூளை நோயாளிகளின் வாழ்வைக் கதைபோல் எழுதி உலகறிந்தவர். 1973இல் வெளிவந்த அவருடைய ‘அவேக்கனிங்ஸ்’ 1990இல் திரைப்படமாயிற்று. அவருக்கு 2005 டிசம்பரில் வலக்கண்ணில் இந்தப் புற்று கண்டறியப்பட்டது; திரையரங்கில் அமர்ந்திருந்தபோது பார்வையில் ஏதோ கோளாறு என்று உணர்ந்தார். கதிர்வீச்சும் லேசரும் செய்தார்கள். ஒன்பது ஆண்டுகள் நலமாக இருந்தார். 2015 ஜனவரியில் கல்லீரல் முழுதும் பரவல் என்று தெரிந்தது. அதையே கட்டுரையில் அறிவித்தார். கட்டுரைத் தலைப்பைத் தத்துவ அறிஞர் டேவிட் ஹ்யூமிடமிருந்து எடுத்துக்கொண்டார். சாவு நெருங்கிவிட்டதென்று அறிந்த ஹ்யூம் 1776 ஏப்ரலில் ஒரே நாளில் எழுதிய தன்வரலாற்றுக்கும் ‘என் சொந்த வாழ்க்கை’ என்பதே பெயர்.

அச்சில் வந்த கட்டுரையில், இந்த நோய் பரவுவது மிக அரிது, துரதிருஷ்டசாலிகளான 2 விழுக்காட்டினரில் தாம் ஒருவர் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. சில நாட்களில் நாளிதழ் திருத்தம் வெளியிட்டது. பதிப்பிக்கையில் பிழை நேர்ந்துவிட்டது; இந்தப் புற்று ஏறத்தாழ 50 விழுக்காட்டினரில் பரவும்; 2 என்பது சாக்ஸ் அவர்களின் தனிப்பட்ட நிலையைக் குறித்த எண் என்று விளக்கியது.

நண்பர்களே, இந்தத் திருத்தத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஒரே மனிதர், ஒரே நோய். 50 என்பது உண்மை. 2 என்பதும் உண்மை. கண்ணில் இந்தப் புற்று வந்த எல்லாரையும் கூட்டி நிறுத்தினால் பாதிப் பேர். கட்டியின் அளவு, அதன் அணுக்களின் இயல்பு, நோயாளியின் வயது, பரவாமல் கழிந்துவிட்ட ஆண்டுகள் இவற்றையெல்லாம் பார்த்து அவரைப் போன்றவர்களை மட்டும் தனியே நிறுத்தினால் நூற்றுக்கு இருவர். ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாலும் ஒரு கூட்டம் நிற்கிறது. எந்தக் கூட்டம் என்று கேட்காதவரை எண்ணுக்குப் பொருளில்லை. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் இதற்குச் சான்று.

நோயைச் சற்றே அறிந்துகொள்வோம். கண்ணின் சுவர் மூன்று அடுக்குக் கொண்டது. வெளியே வெள்விழிப் படலம், உள்ளே விழித்திரை, இரண்டுக்கும் நடுவே இரத்த நாளங்களும் கருநிறமியும் செறிந்த ஓர் அடுக்கு. மேலை மருத்துவர்கள் அதை யூவியா என்கிறார்கள். திராட்சையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர். வெளிப்படலத்தை உரித்துவிட்டுப் பார்த்தால் கருந்திராட்சை போல் தோன்றுமாம். பெயர் வைத்தவனுக்குள்ளும் ஒரு கவிஞன் இருந்திருக்கிறான். இந்த அடுக்கின் நிறமி அணுக்களில் முளைப்பதே நாம் பேசும் புற்று. வெளிர்நிறக் கண்ணுடைய வட ஐரோப்பியரிடம் மிகுதி. நார்வேயிலும் டென்மார்க்கிலும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 8 பேருக்கு மேல். ஸ்பெயினுக்கு வரும்போது அது 2க்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆசிய மக்களிடையே ஒன்றைக்கூட எட்டுவதில்லை.

மற்ற பல புற்றுகள் நிணநீர்க் குழாய் வழியே அருகிலுள்ள முடிச்சுகளுக்குப் போய், அங்கிருந்து பரவும். கண்ணின் உட்புறத்தில் நிணநீர்க் குழாய் இல்லை. வெளியேற இரத்தம் ஒன்றே வழி. அப்படிப் போன அணுக்கள் உடலெங்கும் சுற்றினாலும் அவை குடியேற விரும்பும் இடம் கல்லீரல். பரவியவர்களில் பத்துக்கு ஒன்பது பேரிடம் கல்லீரலில் புற்று இருக்கும்.

இந்தப் பயணம் எப்போது தொடங்குகிறது? 1978இல் சிம்மர்மனும் அவருடைய தோழர் இருவரும் ஒரு துணிச்சலான கேள்வி கேட்டார்கள்: கண்ணை அகற்றும் அறுவையே புற்றணுக்களைச் சிதறடிக்கிறதோ? நூறாண்டுக்கு மேலாகச் செய்துவந்த சிகிச்சையின் அடிப்படையையே அசைத்த கேள்வி அது. விடைகாண அமெரிக்காவிலும் கனடாவிலும் 1986இல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார்கள். நடுத்தர அளவுக் கட்டி உடைய 1,317 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கண்ணை அகற்றினார்கள்; மறு பிரிவினருக்கு அயோடின் 125 பதித்த சிறு தகட்டைக் கண்ணின் வெளிச்சுவரில் சில நாட்கள் தைத்துவைத்துக் கதிர்வீச்சுக் கொடுத்தார்கள். 2001இல் முடிவு வந்தது. இரு பிரிவினரின் ஆயுளிலும் வேறுபாடு இல்லை.

கண்ணை இழக்காமலே சிகிச்சை பெறலாம் என்பது பெரிய ஆறுதல். அதே முடிவுக்குள் ஒரு கசப்பும் இருக்கிறது. கண்ணுக்கு எதைச் செய்தாலும் ஆயுள் மாறவில்லை என்றால், ஆயுளைத் தீர்மானிப்பது வேறெங்கோ முன்பே நடந்துவிட்டது என்றாகிறது. பின்லாந்தின் ஹெல்சின்கியில், கல்லீரல் கட்டிகள் வளரும் வேகத்தை அளந்து பின்னோக்கிக் கணக்கிட்டார்கள். 2000இல் வெளியான அந்தக் கணக்கின்படி, பரவல் பலரிடம் கண் சிகிச்சைக்கு ஐந்தாண்டு முன்பு வரைகூடத் தொடங்கியிருக்கிறது. விதை விழுந்த பின் மரத்தை வெட்டிய கதை.

அதே நகரத்து மருத்துவர்கள் 1962 முதல் 1981 வரை கண் அகற்றப்பட்ட 289 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். இந்தப் புற்றால் ஐந்தாண்டில் இறந்தோர் 31 விழுக்காடு, பதினைந்து ஆண்டில் 45, இருபத்தைந்தில் 49, முப்பத்தைந்து ஆண்டில் 52. கடைசி எண்ணைக் கவனியுங்கள். கண்ணை எடுத்துக் கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் அந்தப் பழைய கண்ணின் நோயால் சிலர் இறந்திருக்கிறார்கள். ஐந்தாண்டு கடந்தால் கண்டம் கடந்தோம் என்று மற்றப் புற்றுகளில் சொல்லும் வழக்கம் இங்கே செல்லாது.

சரி, கல்லீரலில் கண்டுவிட்டார்கள். இனி?

மேற்சொன்ன அமெரிக்க ஆய்வில் பல பிரிவுகளிலும் சேர்ந்த 2,320 பேரில் 739 பேருக்குப் பரவல் கண்டறியப்பட்டது. 2005இல் அறிக்கை வந்தது. கண்டறிந்த ஓராண்டுக்குள் 80 விழுக்காட்டினரும் ஈராண்டுக்குள் 92 விழுக்காட்டினரும் இறந்தார்கள். நீண்ட காலம் மருத்துவர் நாவில் இருந்தது இந்த எண்தான். பிறகு 2019இல், 29 மருந்து ஆய்வுகளில் கலந்துகொண்ட 912 பேரின் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அதில் ஆயுளின் இடைநிலை 10.2 மாதம்.

இடைநிலை என்ற சொல்லைப் பள்ளிக் கணக்கில் படித்திருப்போம். சராசரியோடு குழப்பி மறந்தும் இருப்போம். 912 பேரையும், குறைந்த நாள் வாழ்ந்தவர் முதலாக, அதிக நாள் வாழ்ந்தவர் ஈறாக வரிசையில் நிறுத்துங்கள். நட்டநடுவில் நிற்பவர் வாழ்ந்த காலமே இடைநிலை. அவருக்கு வலப்புறம் நிற்கும் பாதிப் பேர் எவ்வளவு தூரம் நீண்டு நிற்கிறார்கள் என்பதை அந்த எண் சொல்லாது. நம் நாளிதழ்கள் இதனை ‘சராசரி ஆயுள் பத்து மாதம்’ என்று எழுதும். வீட்டார் அதை ‘பத்து மாதம்தான்’ என்று கேட்பார்கள். நடுவில் நின்ற ஒருவரின் காலம் எல்லாருடைய கெடுவாகிவிடுகிறது.

உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்ட் இதைப் பற்றி 1985இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. 1982இல் அவருக்கு வயிற்றுச் சவ்வில் மீசோதீலியோமா என்ற வேறொரு புற்று வந்தது. இடைநிலை எட்டு மாதம் என்று நூல்களில் கண்டார். வரிசையின் வலப்புறம் நீண்டது என்று தேர்ந்து தெளிந்தார். இருபது ஆண்டுகள் வாழ்ந்து 2002இல் வேறொரு புற்றால் இறந்தார். இக்கட்டுரையை அச்சடித்து நோயாளிகளிடம் கொடுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் தயக்கம். வால் எல்லா நோய்க்கும் ஒரே நீளம் அன்று. 92 பேர் ஈராண்டுக்குள் இறந்த வரிசையில் எஞ்சியவர் எண்மர். எண்மர் இருந்தார்கள் என்பதை மறைப்பது பிழை. எண்மரில் ஒருவர் நீங்கள் என்று உறுதி கொடுப்பது அதைவிடப் பெரிய பிழை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2005இன் எண்ணையும் 2019இன் எண்ணையும் அருகருகே வைத்து, ஆயுள் கூடிவிட்டது என்று சொல்லலாமா? ஒரு கற்பனை. ஒரே நாளில் இறக்கப்போகும் இருவர். ஒருவர் ஆறு மாதத்திற்கு ஒருமுறை கல்லீரலைப் படமெடுத்துப் பார்க்கிறார். இறப்பதற்குப் பதினாலு மாதம் முன்பே சிறு புள்ளியாகப் பரவல் தெரிந்துவிடுகிறது. மற்றவருக்கு வலியும் மஞ்சளும் கண்ட பிறகே தெரிகிறது, ஐந்து மாதம். கணக்கேட்டில் முதலாமவர் ஒன்பது மாதம் அதிகம் வாழ்ந்தவர். உண்மையில் அவர் ஒன்பது மாதம் அதிகம் அறிந்தவர். இறந்த நாள் ஒன்றே. மருந்து ஆய்வில் சேர்க்கப்படுவோர் எழுந்து நடமாடும் வலிமை உள்ளவர்கள். அறுவைக்குத் தேர்வு பெறுவோர் ஓரிரு கட்டி மட்டுமே உள்ளவர்கள். நெடுநாள் வாழக்கூடியவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, நெடுநாள் வாழ்ந்தார்கள் என்று வியப்பதில் பொருளில்லை. ஆக்ஸ்பர்கர் முதலியோர் 2009இல் அதுவரையிலான சிகிச்சை அறிக்கைகளைச் சலித்தெடுத்து, எந்தச் சிகிச்சையும் ஆயுளைக் கூட்டியதற்கு வலுவான சான்றில்லை என்று எழுதியது இதனால்தான்.

பெயர் தரும் மயக்கமும் ஒன்றுண்டு. 2015 ஆகஸ்டு 20 அன்று அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் ஜிம்மி கார்ட்டர் தமக்கு மெலனோமா மூளைக்குப் பரவியிருப்பதாக அறிவித்தார். கல்லீரலில் பரவிய கட்டியை அம்மாதத் தொடக்கத்தில்தான் அகற்றியிருந்தார்கள். அதே மாதம் 30ஆம் நாள் சாக்ஸ் இறந்தார். கார்ட்டர் பெம்ப்ரோலிசுமாப் என்ற புதிய மருந்தைப் பெற்று, அந்த ஆண்டு முடிவதற்குள் புற்றின் சுவடு இல்லை என்ற செய்தியைச் சொன்னார். நூறு வயது நிறைந்து 2024 டிசம்பரில் மறைந்தார். மெலனோமா என்ற சொல் இருவருக்கும் பொது. நோய் பொது அன்று. தோலில் தோன்றும் மெலனோமா வெயிலின் தாக்குதலால் ஆயிரக்கணக்கான மரபணுத் திரிபுகளைச் சுமந்து நிற்கும். உடலின் காவல் அணுக்கள் அதை அயலார் என்று இனங்காண வழி மிகுதி. கண்ணின் நடு அடுக்கில் தோன்றுவதில் திரிபுகள் மிகச் சில. ஜி.என்.ஏ.கியூ., ஜி.என்.ஏ.11 என்னும் இரு மரபணுக்களில் ஒன்றில் திரிபு, பெரும்பாலோரிடம் உண்டு. 2009, 2010 ஆண்டுகளில் இவை தெரியவந்தன. மூன்றாம் குரோமோசோம் இணையில் ஒன்றை இழந்த கட்டிகளே மிகுதியும் பரவுகின்றன என்று 1996இலேயே கண்டிருந்தார்கள். தோல் மெலனோமாவைப் புரட்டிப்போட்ட மருந்துகள் இங்கே வந்து பெரும்பாலும் தோற்றன. ஒரே பெயரால் அழைக்கப்பட்டதால் கண் நோயாளிகள் எத்தனை பேர் கார்ட்டரின் செய்தியைப் படித்து வீணாக நம்பியிருப்பார்கள் என்று எண்ணிப்பார்க்கிறேன்.

மாற்றம் வந்தது 2021 செப்டம்பரில். டெபெண்டஃபஸ்ப் என்பது மருந்தின் பெயர். நாவுக்கு இசையாத பெயர், பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கை உடைய புரதம் அது. ஒரு கை புற்றணுவின் மேற்பரப்பில் தெரியும் ஓர் அடையாளத்தைப் பற்றுகிறது. மறு கை காவல் அணுவான டி செல்லைப் பற்றி இழுத்துவந்து அருகில் நிறுத்துகிறது. இனங்காணாத காவலனைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து காட்டுவதுபோல. ஆனால் ஏ-02:01 என்னும் திசு வகை உடையவர்களுக்கு மட்டுமே அந்தக் கை பொருந்தும்; ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழப் பாதிப் பேர். வாரம் ஒருமுறை நரம்பு வழி ஏற்ற வேண்டும். முதல் மூன்று முறையும் காய்ச்சலும் இரத்த அழுத்த வீழ்ச்சியும் வரக்கூடுமென்பதால் இரவு முழுதும் கண்காணிப்பு.

378 பேர். மூன்றில் இரு பங்கினருக்கு இந்த மருந்து. ஒரு பங்கினருக்கு ஏற்கெனவே வழக்கிலிருந்த மருந்துகளில் ஒன்று. ஓராண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 73 விழுக்காடு; மறு பிரிவில் 59. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 2023இல் மூன்றாண்டுக் கணக்கு வந்தது: 27 விழுக்காடு, 18 விழுக்காடு. இடைநிலை 21.6 மாதம், 16.9 மாதம். பரவிய கண் மெலனோமாவில் ஒரு மருந்து ஆயுளைக் கூட்டியது என்று குலுக்கல் முறை ஆய்வில் உறுதிப்பட்டது அதுவே முதன்முறை.

விந்தை என்னவென்றால், கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியவர்கள் 9 விழுக்காட்டினர் மட்டுமே. படத்தில் கட்டி அப்படியே இருக்க, சிலரிடம் சற்றே வளரவும் செய்ய, ஆயுள் நீண்டிருக்கிறது. இதற்கு நேர்மாறாக இன்னொரு சிகிச்சை. கல்லீரலுக்கு இரத்தம் பெரும்பகுதி குடலிலிருந்து வரும் சிரை வழியே வருகிறது. கட்டிகளோ தமனியிலிருந்தே உறிஞ்சுகின்றன. ஆகவே கல்லீரலை மட்டும் உடலின் இரத்த ஓட்டத்திலிருந்து தனிப்படுத்தி, தமனி வழியே மெல்ஃபலான் என்ற மருந்தைப் பாய்ச்சுகிறார்கள். சுவீடனில் நடந்த ஆய்வில் 40 விழுக்காட்டினரிடம் கட்டி சுருங்கியது. ஒப்பீட்டுப் பிரிவில் 5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆயினும் ஆயுள் கூடியது என்பது புள்ளியியல்படி உறுதியாகவில்லை. கண்ணுக்குத் தெரியும் கட்டியும் கணக்கில் வரும் நாளும் ஒன்றையொன்று பின்தொடர்வதில்லை.

இங்கே நம் அவைக்குரிய கேள்விக்கு வருகிறேன். அந்த 378 பேர் ஆய்வை ஒரு நோயாளியிடம் எப்படிச் சொல்வீர்கள்? மரண அபாயம் பாதியாகக் குறைந்தது என்று சொல்லலாம். முதல் அறிக்கை அப்படித்தான் சொன்னது. ஆயுள் ஐந்து மாதம் கூடும் என்று சொல்லலாம். இரண்டு இடைநிலைகளின் வேறுபாடு அதுதான். நூற்றில் 18 பேர் இருந்த இடத்தில் 27 பேர் இருந்தார்கள் என்றும் சொல்லலாம். மூன்றும் ஒரே ஆய்விலிருந்து வந்தவை. முதலாவது மருந்துக் குழுமத்தின் விளம்பரத்துக்கு ஏற்றது. இரண்டாவது கேட்பவரின் நெஞ்சில் கல்லைப் போடும். மூன்றாவதில் மட்டுமே மனிதர்கள் தலை தலையாக நிற்கிறார்கள். என் தேர்வு அது. மருந்து பெறாத பிரிவினரின் 16.9 மாதமே பழைய 10.2ஐத் தாண்டி நிற்கிறதே என்று கவனித்தீர்களா? முன்பு வேறு சிகிச்சை பெறாத, நடமாட்டமுள்ள நோயாளிகளை மட்டும் சேர்த்ததற்கு அதில் பெரும்பங்கு உண்டு. கூட்டம் வேறு, எண்ணும் வேறு.

சாக்ஸ் தம் எண்ணை அறிந்தவர். மருத்துவர், மறைக்க முடியாது. 2015 பிப்ரவரியில், கல்லீரல் தமனியில் நுண்மணிகளைச் செலுத்திக் கட்டிகளுக்கு இரத்தம் போகாமல் அடைக்கும் சிகிச்சையைப் பெற்றார். பத்து நாள் சோர்ந்து கிடந்ததையும் பின்னர் திடீரென்று பொங்கிவந்த தெம்பையும் ஒரு கட்டுரையாக்கினார். ஏப்ரலில் தன்வரலாறு வெளியாயிற்று. தனிமங்கள்மீது அவருக்குச் சிறுவயது முதல் காதல். ஒவ்வொரு பிறந்த நாளையும் அந்த எண்ணுடைய தனிமத்தோடு சேர்த்துப் பார்ப்பார். ஜூலையில் 82 நிறைந்தபோது ஈயம். 83ஆம் எண்ணுக்குரிய பிஸ்மத்தைத் தாம் காணப்போவதில்லை என்று அம்மாதமே எழுதினார். நம் புறத்துறைகளில் கையறுநிலை, இறந்தவருக்குப் பின் நிற்பவர் பாடுவது. இவர் தமக்குரியதைத் தாமே, அழாமல், உரைநடையில் எழுதிவிட்டுப் போனார். ஜனவரி முதல் ஆகஸ்டு வரை எட்டு மாதத்துக்குள். கணக்கேட்டில் அவர் அந்த 80 விழுக்காட்டைச் சேர்ந்தவர்தான்.

நம் இல்லங்களில் நிலைமை வேறு. மருத்துவர் மகனை வராந்தாவுக்கு அழைத்துப் பேசுவார்; ‘நாள் சொல்லிவிட்டார்கள்’ என்ற செய்தி உறவினர் அனைவருக்கும் போய்ச் சேரும்; நோயாளி ஒருவரைத் தவிர. அந்த ‘நாள்’ எந்தக் கூட்டத்தின் இடைநிலை என்று யாரும் கேட்பதில்லை.

இதில் மொழிக்கும் ஒரு பங்குண்டு. இவ்வகை ஆய்வுகளின் மையச் சொல்லைத் தமிழாக்குவோர் ‘உயிர்பிழைப்பு வீதம்’ என்கிறார்கள். பிழைத்தல் நம் மொழியில் தப்பித்தல். ‘பிழைத்துக்கொண்டார்’ என்றால் கண்டம் நீங்கியது என்று பொருள். ‘பிழைப்பு’ என்றாலோ வயிற்றுப்பாடு. மூன்றாண்டுப் பிழைப்பு வீதம் 27 என்று எழுதினால், 27 பேருக்கு நோய் தீர்ந்தது என்று தமிழ்க் காது கேட்கும். அவர்கள் தீர்ந்தவர்கள் அல்லர்; அன்றைய நாளில் உயிரோடு இருந்தவர்கள். ‘வாழ்வு வீதம்’ என்றால் பொருள் மங்குகிறது. ‘எஞ்சியோர்’ என்றால் போர்க்களத்து மணம் வீசுகிறது. எனினும் இருப்பவற்றுள் அதுவே உண்மைக்கு அருகில் என்று எனக்குப் படுகிறது. ‘மூன்றாம் ஆண்டு முடிவில் எஞ்சியோர், நூற்றுக்கு 27’ என்று இப்போதைக்கு எழுதி வருகிறேன்.

இதனினும் தக்க சொல் உங்களில் எவரிடமேனும் இருந்தால், கூட்டம் முடிந்ததும் சொல்லுங்கள். குறித்துக்கொள்ளத் தாள் கொண்டுவந்திருக்கிறேன்.